அரையாண்டுத் தேர்வும் வீட்டு மாலைப்பொழுதுகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு கால அட்டவணையை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறோம். டைரியில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அட்டவணையைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். கடிதம் நீண்டுபோனதற்குக் காரணம் வேறு.

தேர்வு நெருங்கினால் என் அறைக்கு வரும் பெற்றோரில் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: "சார், பையன் ரொம்ப டென்ஷனா இருக்கான், எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழறான்." தேர்வு பயம் என்று நீங்களே காரணமும் சொல்லிவிடுகிறீர்கள். ஓரளவு சரிதான். பயமே இல்லாத பிள்ளை புத்தகத்தைத் தொடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் மன அழுத்தத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கைகாட்டுவது பெரும்பாலும் வேறு பக்கம். அதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

1967-ல் அமெரிக்காவில் ஹோம்ஸ், ரஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவன் அல்லது மனைவி இறந்தால் 100. மற்றவை அதற்குக் கீழே வரிசையாக. (எதையெடுத்தாலும் மார்க் போடுவது வாத்தியார்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை போலிருக்கிறது.) கூட்டுத்தொகை ஏறினால் உடம்பு கெடும் வாய்ப்பும் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1981-ல், கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் நடுத்தர வயதினர் 100 பேரிடம் மாதாமாதம் வேறு மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். வைத்த சாமான் வைத்த இடத்தில் இல்லை, விலைவாசி, தலைக்கு மேல் வேலை, உடல் எடை என்று அன்றாடம் பிடுங்கும் சின்னத் தொல்லைகள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவை யாருக்கு வரும் என்பதைக் காட்டுவதில் பெரிய நிகழ்வுகளின் பட்டியலைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளின் பட்டியலே முந்தியது.

இது பெரியவர்கள் கதை. நம் பிள்ளைகள் வயதுக்கு ஒரு நல்ல ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. சண்டிகரைச் சேர்ந்த சுமன் வர்மா, அமெரிக்காவின் ரீட் லார்சன் முதலியோர் செய்தது, 2002-ல் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் 100 பேர் கையில் அலாரம் வைத்த கடிகாரம். ஒரு வாரம், நினையாத நேரங்களில் அது அடிக்கும். அடித்ததும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், மனது எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து எழுதுவது இல்லை. அந்த நிமிடத்தில் இருந்தது அப்படியே தாளில். விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பள்ளிக்கும் படிப்புக்கும் போயிருந்தது. அந்த நேரங்களில்தான் மனநிலை கீழே இருந்தது.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஹோம்வொர்க்கே வேண்டாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. வீட்டுப்பாடத்தில் அதிக நேரம் செலவிட்ட பிள்ளைகள் பொதுவாக வாட்டமாக இருந்தார்கள், உள்ளுக்குள்ளேயே புழுங்கினார்கள். ஓய்வில் அதிக நேரம் போக்கியவர்கள் கலகலப்பாக இருந்தார்கள், ஆனால் மதிப்பெண் குறைவு, படிப்பைப் பற்றிய பதற்றம் அதிகம். எது எதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: படிப்பு எப்படியும் மனதைக் கொஞ்சம் அழுத்தத்தான் செய்யும். அதன்மேல் நாமும் ஏற்றுகிற சில்லறைத் தொல்லைகளைக் குறைக்கலாம்.

எவை அவை? தேர்வு நாளில் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். பிள்ளை வெளியே வந்து தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறந்திருக்காது. ஸ்கூட்டியின் சீட்டில் கொஸ்டின் பேப்பர் விரிந்துவிடும். "ஒன் வேர்டு மூணாவது என்ன போட்ட?" "ஆ." "அது இ இல்ல?" பக்கத்தில் நிற்கும் தோழியிடம் சரிபார்ப்பு நடக்கும். அவளும் 'இ' போட்டிருப்பாள். அதோடு போச்சு. மறுநாள் தேர்வுக்கு அந்தப் பிள்ளை உட்காரும்போது நேற்றைய ஒரு மார்க் மனதில் உட்கார்ந்திருக்கும். எழுதி முடித்த தாளில் இனி ஒரு எழுத்தும் மாறப்போவதில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள்: தேர்வுகள் முடியும்வரை வினாத்தாளைப் பள்ளி வாசலிலும் பார்க்க வேண்டாம், வீட்டிலும் பார்க்க வேண்டாம். பையிலேயே கிடக்கட்டும். கடைசித் தேர்வு முடிந்த மாலை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், நானே விடைக்குறிப்பு அனுப்புகிறேன்.

சித்தப்பா மகள், எதிர்வீட்டுப் பையன், "அந்தக் காலத்துல நாங்க தெருவிளக்குல படிச்சோம்" எல்லாமே இதே வகைதான். ஒருமுறை சொன்னால் பெரிய விஷயம் இல்லை. தினமும் சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்து வருவதுதான் சிக்கல்.

கணக்கு விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. 2015-ல் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓராண்டுக் கணக்குப் பாடத்தைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வந்தது. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கற்றது குறைந்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் கணக்கு பயம் கூடியிருந்தது. அதே மாதிரிப் பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. நம்மில் பலர் கணக்குக்குப் பயந்து வேறு குரூப் எடுத்தவர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "எனக்கே அப்போ கணக்கு வராது, உனக்கு எங்கேருந்து வரும்" என்ற ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வராத கணக்கின் பக்க எண்ணை டைரியில் குறித்து அனுப்பினால் போதும், கணக்கு ஆசிரியர் மாலை 4.15-க்கு மேல் அரை மணி நேரம் வகுப்பறையில் இருப்பார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாலும் சரி, கடைக் கணக்கு எழுதினாலும் சரி. துணைக்கு இருந்தால் போதும்.

தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. இரவு பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி முகத்தில் தண்ணீர் தெளித்தால் வருவது நாலரை மணி நேரம். விடியற்காலைப் படிப்பு நல்லதுதான், ஒன்பது மணிக்குப் படுக்க வைத்து ஐந்து மணிக்கு எழுப்பினால். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் தவிப்பதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

பள்ளியின் பங்குக்கு மூன்று ஏற்பாடுகள். தேர்வு முடியும்வரை புதிய வீட்டுப்பாடம் கிடையாது. வகுப்புத் தேர்வு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வைக்க மாட்டோம். அப்புறம், விரும்பும் மாணவர்களுக்குத் தேர்வுக்கு முன் பத்து நிமிடம் ஒரு வெள்ளைத்தாள் தருவோம். மனதில் என்ன பயம் இருக்கிறதோ அதை எழுதலாம், எழுதிக் கிழித்துப் போடலாம், ஆசிரியர் யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார். 2011-ல் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பீலாக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். தேர்வுக்கு மிகவும் பயப்படும் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது என்று எழுதினார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: அதில் ஆய்வகத்தில் நடந்த பகுதியை வேறொரு குழு திரும்பச் செய்தபோது, 2018-ல் வந்த அவர்களின் முடிவில், அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் மார்க் ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு தாள் செலவில் ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தால் எனக்குப் போதும்.

இதுவரை சொன்னது சாதாரணப் பதற்றத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், நண்பர்களோடு பேசாமல் ஒதுங்கினால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள், அதட்டவும் செய்யாதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் பக்கத்தில் இருந்து, என்னடா ஆச்சு என்று கேளுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ சொன்னால் அது எங்களோடு நிற்கும். மற்ற ஆசிரியர்களின் அறையில் பேச்சாகாது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். அம்மா மட்டும் வருவது வழக்கமாகிவிட்டது. அப்பாக்களும் வர வேண்டும், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை 5 மணிக்கும் ஒருமுறை வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தலைப்பெழுத்து மூன்றையும் அன்றே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆதார் நகல் ஒன்று கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்