பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று 2025 டிசம்பர் 18. கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினா கால்பந்து உலகக் கோப்பையை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. நாம் பேசாமல் இருப்பதும் ஏறக்குறைய அதே மூன்று வருஷம்தான். ஊர்க்காரர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் இங்கே எழுதுகிறேன். உங்களை நோகடித்ததும் நாலு பேர் பார்க்கத்தானே?

படகு போனது, கடன், நீங்கள் கத்தாருக்கு விமானம் ஏறியது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். கம்பெனி பெயரையும் எழுதவில்லை, நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள்.

'கத்தார் உலகக் கோப்பையைப் புறக்கணிப்போம்' என்று 2022 நவம்பரில் நான் எழுதிய மறுநாள் ராத்திரி வீடியோவில் கூப்பிட்டீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கையைத்தான் காட்டினீர்கள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே கட்டுக்கம்பி அறுத்து அறுத்துத் தோல் காய்த்துப்போயிருந்தது. தங்கச்சிமடத்தில் வலைக்கு முடிச்சு இழுக்கும்போது நைலான் அறுத்த அதே இடம். "இந்தக் கை கட்டுன கம்பிமேலதான் அந்த மைதானம் நிக்குது. அதைப் பாக்காதீங்கன்னு ஊருக்கே சொல்றியே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடா?"

அப்போது கீழ்க்கட்டிலிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "வணக்கம் அண்ணை" என்றான். இலங்கை மன்னார்க்காரன், மீன்பிடிக்கிறவன், வலை போனதால் கத்தாருக்கு வந்தவன் என்றீர்கள். வலை எப்படிப் போனது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் விசைப்படகுகள் இழுக்கும் இழுவை மடி வலையைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு இதற்கு மேல் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்றைக்கு சிக்னல் போகவில்லை அண்ணே. நான்தான் போனை வைத்தேன்.

மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் எழுதியது பொய் இல்லை. இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை என்று ஐந்து நாட்டுத் தொழிலாளர்கள் 6,500 பேருக்கு மேல் பத்து வருஷத்தில் கத்தாரில் இறந்ததாக 2021-ல் கார்டியன் பத்திரிகை எழுதியது. எல்லாரும் மைதான வேலையில் செத்தவர்கள் இல்லை, சரி. உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்காக நீங்கள் பரிந்து பேசியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியம்மா படுக்கையில் கிடந்தபோது உங்களை வர விடாதது யார்?

அப்புறம், 2013-ல் சென்னையில் இலங்கை வீரர்கள் ஐபிஎல் ஆடக்கூடாது என்று நம் தெருவில் தட்டி கட்டியது நீங்கள். அந்த வீரர்கள் யாரைச் சுட்டார்கள்? அதற்கு முந்தின செப்டம்பரில், கால்பந்து ஆட வந்த இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளையே சென்னையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நாம் இரண்டு பேருமே சந்தோஷப்பட்டோம். 'யாரைக் கேட்டாய்' என்ற கேள்வி அன்றைக்கு உங்களுக்கும் வரவில்லை.

நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவை ஆட்டத்தில் சேர்க்காதீர்கள் என்று கேட்டவர்களில் அங்கே மிதிபட்ட மக்களே இருந்தார்கள். 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு வந்த இந்தியா, அந்த நாட்டோடு ஆட மறுத்தது. விஜய் அமிர்தராஜும் அவர் அண்ணன் ஆனந்தும் கைக்கு எட்டிய கோப்பையை விட்டார்கள். நான் எதை விட்டேன்? கத்தார் இறுதி ஆட்டத்தைப் பாம்பனில் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தேன். மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது கை தட்டினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் கடலில் சுடப்பட்ட மீனவர்களுக்காக ஒரு ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று தமிழ்நாட்டுக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது.

பிப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து இருபது ஓவர் உலகக் கோப்பை நடத்துகின்றன. இலங்கையில் நடக்கும் ஆட்டங்களை ஊரில் திரை கட்டிக் காட்டக்கூடாது என்று இளைஞர் மன்றத்தில் தாள் சுற்றுகிறது. அப்பாவைக் கடலில் பறிகொடுத்த பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது, அவர்களிடம் நியாயம் பேச நான் யார்? நேற்று என்னிடம் வந்தபோது பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்றார்கள். உங்கள் கையைப் பற்றிச் சொன்னேன். மன்னார்ப் பையனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தத் தம்பி இன்னும் உங்கள் அறையில்தான் இருக்கிறானா? ஊருக்குப் போய்விட்டான் என்றால் அவன் நம்பரை அனுப்புங்கள். ராத்திரி எட்டரைக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். நீங்கள் கூப்பிட்டால் இந்தத் தடவை போனை வைக்க மாட்டேன்.

உங்கள் தம்பி