அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில், பணத்தை எங்கே போடலாம் என்று ஒரு முழுப் பக்க அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் தொடங்கி பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), தங்கம், மியூச்சுவல் ஃபண்ட், பங்குகள் என்று இறங்கி, கடைசிக் கட்டத்தில் பைனரி டிரேடிங், அதாவது ஒரு விலை சில நிமிடங்களில் ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. அதற்கு நேரே 'ரிஸ்க்: மிக அதிகம், லாப வாய்ப்பு: மிக அதிகம்'. மற்ற வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு கூட்டுறவு வங்கியின் கவுன்ட்டரில் 31 ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ஈமு கோழியில் பணத்தைப் போட்டவர்கள் 2012இல் நகையை எடுத்துக்கொண்டு அடகு வைக்க வந்து நின்ற வரிசையை நான் மறக்கவில்லை. அதிலாவது ஒரு கோழி இருந்தது.

சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். நூற்பாலை ஒன்றில் சூப்பர்வைசர், 21,000 ரூபாய் சம்பளம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன். "டிரேடிங் மாமா" என்றான். திரையில் யூரோவுக்கும் டாலருக்குமான விலைக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் அது இப்போதிருப்பதைவிட மேலே இருக்குமா கீழே இருக்குமா என்று சொல்ல வேண்டும். மேலே என்றால் பச்சைப் பொத்தான், கீழே என்றால் சிவப்பு. ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். சரியாகச் சொன்னால் 400 ரூபாய் சேரும், தப்பினால் 500 ரூபாயும் போகும்.

எனக்குக் கை சும்மா இருக்காது. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன். இருபது முறை ஆடினான். பதினொன்றில் வெற்றி, ஒன்பதில் தோல்வி. "பார்த்தீர்களா மாமா, நான்தான் ஜெயித்திருக்கிறேன்" என்றான். கூட்டிப் பார்த்தேன். வரவு 4,400, பற்று 4,500. ஜெயித்தவன் கையிலிருந்து நூறு ரூபாய் போயிருந்தது.

500க்கு 400, அதாவது 80 சதவீதம் தரும் இடத்தில் கைமுதலைக் காப்பாற்றவே நூற்றுக்கு 56 முறை சரியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடத்தில் யூரோ எந்தப் பக்கம் போகும் என்பது காசு சுண்டுவதற்குச் சமம், அதாவது 50. இடையிலுள்ள ஆறு யாருக்குப் போகிறது என்பதைச் சொல்ல ஒரு காசாளர் தேவையில்லை.

தாளைத் திருப்பியபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முன்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'ஞாயிறு'. அந்நியச் செலாவணிச் சந்தை நம் நேரப்படி சனிக்கிழமை விடியுமுன் மூடினால் திங்கள் விடியற்காலைதான் திறக்கும். அப்படியானால் ஞாயிறு மதியம் இவன் திரையில் ஓடிய விலை யாருடைய விலை? கேட்டேன். பெயருக்குப் பக்கத்தில் 'ஓடிசி' என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினான். சந்தை மூடிய நாளில் அந்தத் தளமே ஓட்டும் விலையாம். பந்தயம் வாங்குகிறவனே கோட்டையும் வரைகிறான். மூன்று சீட்டு ஆட்டக்காரன்கூடச் சீட்டை நம் கண் முன்னால்தான் போடுவான்.

இவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் டெலிகிராமில் ஓர் 'அண்ணன்'. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று தினமும் இலவசமாக 'சிக்னல்' தருகிறார். இவ்வளவு தாராளம் ஏன் என்று தேடிப் பார்த்தேன். இப்படிப்பட்ட தளங்கள் பலவும் ஆள் சேர்க்கும் முகவருக்குத் தங்கள் வருவாயில் பங்கு தருகின்றன, அதை விளம்பரமாகவே போட்டிருக்கின்றன. தளத்தின் வருவாய் என்பது சேர்ந்தவன் தோற்கும் பணம்தான். என் அக்கா மகன் தோற்கத் தோற்க அண்ணனுக்குக் கூலி.

விட்டதைப் பிடிக்க அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி, தோற்றால் அடுத்த பந்தயத்தை இரட்டிப்பாக்குவது. எப்போதாவது ஒரு முறை ஜெயிக்காமலா போய்விடும் என்பது அதன் தத்துவம். 500, 1,000, 2,000 என்று ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் இரவு ஷிஃப்டின் இடைவேளையில் வரிசையாக ஏழு முறை தோற்றான். 63,500 ரூபாய். மூன்று மாதச் சம்பளம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. எட்டாவது பந்தயத்துக்கு 64,000 வேண்டும் என்பதால்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தான்.

அவன் பணம் அனுப்பிய விவரத்தை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் யுபிஐயில் வேறு வேறு தனிமனிதர்களின் பெயர். ஊர் பேர் தெரியாத பத்துப் பேர் கணக்கில் பணம் வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு என் கவுன்ட்டரில் நடப்புக் கணக்குகூடத் திறந்திருக்க மாட்டோம்.

இது என் புலம்பல் மட்டும் அல்ல. இந்தத் தொழில் செழித்து வளர்ந்த இஸ்ரேலே 2017இல் சட்டம் போட்டு அதை மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தை ஆணையம் 2018 ஜூலையிலும், பிரிட்டன் 2019 ஏப்ரலிலும், ஆஸ்திரேலியா 2021 மே மாதத்திலும் சாதாரண மக்களுக்கு இதை விற்கத் தடை விதித்தன. நம் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் அனுமதியில்லாத 34 அந்நியச் செலாவணித் தளங்கள், நிறுவனங்களின் பெயரை வெளியிட்டு எச்சரித்தது. பட்டியல் பின்னர் நீண்டது. அனுமதி பெறாத தளத்தில் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்தால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் பாய்வது ஆடுகிறவர் மீதும்தான். இதை நான் சொன்னபோது, அதுவரை பணம் போனதற்காக மட்டும் அழுத என் அக்கா மகன் முதல் முறையாகப் பயந்தான்.

பங்குச் சந்தையும் சூதுதானே என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். குறுகிய காலத்தில் வாங்கி விற்பதில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர ஒப்பந்த வர்த்தகத்தில் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் கணக்குச் சொன்னது. ஆனால் ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது, அங்கே ஓடும் இயந்திரமும் விற்கும் சரக்கும் ஈட்டிய லாபத்தில் பங்கு. எதிரில் யாரும் தோற்க வேண்டியதில்லை.

அதிலும் அடி விழும். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2009 மார்ச்சில் சுமார் 8,000க்கு விழுந்தது. அப்போது மியூச்சுவல் ஃபண்டைப் பயந்து விற்றவர்களில் நானும் ஒருவன். கவுன்ட்டரில் ஊருக்கே புத்தி சொன்னவன், வீட்டில் என் மனைவி சொன்னதைக் கேட்கவில்லை. அவள் தன் பெயரில் இருந்ததை விற்கவில்லை. 2024 ஜூலையில் சென்செக்ஸ் 80,000ஐத் தாண்டியபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சந்தையே வேண்டாம் என்பவருக்கு பிபிஎஃப் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய், 7.1 சதவீத வட்டி நீடித்தால் 15 ஆண்டுகளில் கட்டிய 9 லட்சம் 16 லட்சத்தை ஒட்டி வரும். விலைவாசியைக் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனாலும் பாஸ்புக்கில் ஒரு தொகை இருக்கும்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். 'ரிஸ்க் மிக அதிகம்' என்று நீங்கள் எச்சரிக்கையாகத்தான் எழுதியிருப்பீர்கள். இருபத்தைந்து வயதுக்காரன் அதைத் துணிச்சல் உள்ளவனுக்கு என்று படிக்கிறான். என் அக்கா மகனும் "ரிஸ்க் எடுக்காமல் எப்படி மாமா மேலே வருவது?" என்றுதான் கேட்டான். ரிஸ்க் என்றால் தாங்கினவனுக்குப் பலன் வர ஒரு வழியாவது இருக்க வேண்டும். இங்கே கணக்கே அவனுக்கு எதிராகப் போடப்பட்டிருக்கிறது. மூன்று நம்பர் லாட்டரியை நீங்கள் அந்த அட்டவணையில் சேர்ப்பீர்களா?

அந்த வரியை நீக்கி, அடுத்த இணைப்பிதழில் ஒரு திருத்தம் போடுங்கள். காலியாகும் கட்டத்தில் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அச்சிடுங்கள். பணம் போனவுடனே அழைத்தால்தான் ஏதாவது ஒரு கணக்கிலாவது தடுத்து நிறுத்த வழியுண்டு. நாங்கள் அழைத்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர் ஒருவர்,
திண்டுக்கல்