பெயர்ப்பலகை வேண்டாம், மூக்குக் குழாய் வாங்கித் தா

அன்புள்ள மல்லிகா,

இங்கே நலம், மூட்டுவலியைத் தவிர. அங்கும் அப்படித்தான் இருக்கும். உன் குரல்பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். நம் செட் சேர்த்த பணத்தில், குறைமாதக் குழந்தைகள் இருக்கிற என் வார்டுக்கு ஒரு வென்டிலேட்டர், அதன்மேல் எல்லோர் பெயரும் பொறித்த பலகை, சுகந்தி ரிப்பன் வெட்டுவாள் என்கிறாய். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசியே என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வென்டிலேட்டர் வேண்டாம்டி.

உடனே சண்டைக்கு வராதே, முழுக்கப் படி. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டாமல் காக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் போதுமான அளவு ஊறியிருக்காது. அதனால் மூச்சை விடும்போதெல்லாம் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. புது பலூனை முதல் தடவை ஊதும்போது கன்னம் வலிக்குமே, அந்தப் பாட்டை இந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் படுகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கும், மூக்கு விடைக்கும், முனகும். அந்த முனகலைக் கேட்டு, பசி என்று நினைக்கிற அம்மாக்கள் உண்டு. உண்மையில் குழந்தை குரல்வளையை இறுக்கிக்கொண்டு, போகிற காற்றைக் கொஞ்சம் உள்ளேயே தேக்கப் பார்க்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல்!

நாங்கள் வைக்கிற சிபாப் என்ற மூச்சு உதவி முறை செய்வதும் அதே வேலையைத்தான். தொண்டைக்குள் குழாய் விடுவதில்லை. மூக்கில் இரண்டு சின்னக் குழாய்கள், அவற்றின் வழியே விடாமல் லேசான அழுத்தத்தில் காற்று. வெளியேறும் குழாயின் நுனி தண்ணீர் பாட்டிலுக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அந்த ஆழம்தான் அழுத்தத்தின் அளவு. குமிழி வந்துகொண்டே இருந்தால் சரி. நின்றால் எங்கோ கசிகிறது, அல்லது குழந்தை வாயைத் திறந்துகொண்டது. நான் வார்டுக்குள் நுழையும்போது முதலில் காதைத்தான் தீட்டுவேன், மானிட்டர் எல்லாம் பிறகு.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. 1963இல் கென்னடி அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோது, அவருடைய மகன் பேட்ரிக் நாளுக்கு ஐந்தரை வாரம் முன்னால் பிறந்து, இதே மூச்சுத்திணறலில் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். எட்டு வருஷம் கழித்து, 1971இல், சான் பிரான்சிஸ்கோவில் டாக்டர் ஜார்ஜ் கிரிகரியின் குழு, இப்படி விடாத அழுத்தத்தில் காற்றுக் கொடுப்பதை, பெரும்பாலும் தொண்டைக் குழாய் வழியாகவே, 20 குழந்தைகளுக்குச் செய்ததில் 16 பேர் பிழைத்தார்கள்.

சரி, வென்டிலேட்டர் இன்னும் பெரியதுதானே என்பாய். பெரியதுதான். குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கத் தெரிந்த டாக்டர் ராத்திரி பகல் பக்கத்தில் வேண்டும். நுரையீரல் புண்ணாகலாம், கிருமி தொற்றலாம். நிறையக் குழந்தைகளுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையே வராது, சிபாபை நேரத்தோடு வைத்துவிட்டால். மலாவி நாட்டின் பிளான்டயர் நகரத்தில், குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் விலை குறைந்த குமிழி சிபாபை வைத்துப் பார்த்தார்கள். குறைமாத மூச்சுத்திணறல் உள்ள குழந்தைகளில், வெறும் ஆக்சிஜன் கொடுத்தபோது நூற்றுக்கு 24 பேர்தான் தப்பினார்கள். சிபாபில் 65 பேர். 2014இல் வெளியான கணக்கு.

இதைப் படித்துவிட்டு "அப்போது சிபாப் மெஷினே வாங்கிவிடுவோம்" என்று கிளம்பாதே. அதே மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில், நிமோனியா முற்றிய கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்குச் செய்து பார்த்தார்கள். தினமும் டாக்டர் வந்து மேற்பார்க்கும் வசதி கிடையாது. சிபாப் வைத்தவர்களில் 17 சதவீதம் இறந்தார்கள், சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். 2019இல் இதை வாசித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வார்டிலேயே தர்மத்துக்கு வந்த சிபாப் மெஷின் ஒன்று மூலையில் உறை போட்டு நிற்கிறது. பழுது ஒன்றும் இல்லை. அதற்குப் பொருந்துகிற மூக்குக் குழாய் தீர்ந்துவிட்டது, வேறு கம்பெனிக் குழாய் அதில் சேராது. கொடுத்தவர்களுக்கு எழுதினால், "உபகரணம் மட்டும்தான் எங்கள் திட்டம்" என்று பதில். பலகையை மட்டும் வாரம் ஒருமுறை துடைக்கிறோம்.

எனக்கு வேண்டியது எதுவும் போட்டோவில் நன்றாக விழாது. மூக்குக் குழாய், எல்லா அளவிலும். சின்னதாகப் போனால் காற்று கசியும், இறுக்கினால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகும். அதை நிறுத்திப் பிடிக்கத் தொப்பி. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையருக்கு மாற்றுப் பாகங்கள். ஆக்சிஜனைக் காற்றோடு கலக்கிற பிளெண்டர் கட்டாயம், கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டருக்குக் குழந்தைக் காலில் சுற்றும் புரோப். 1940களிலும் 50களிலும் ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்து ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்பார்வை போனது. நாங்கள் ரத்த ஆக்சிஜனை 90க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்தப் போராடுகிறோம், புரோப் அறுந்து கிடந்தால் எதை வைத்துப் போராடுவது?

அப்புறம் ஆள். போன வாரம் 1,100 கிராம் பெண் குழந்தை ஒன்று. நைட் ட்யூட்டியில் புதிதாகச் சேர்ந்த பெண், டார்ச்சை அடித்து மூக்குத்தண்டில் மிளகளவு சிவப்பைப் பார்த்துவிட்டு, குழாயைத் தளர்த்தி, அளவு மாற்றி, வயிற்றில் ஏறிய காற்று வெளியேற வாய்வழி டியூபையும் திறந்துவிட்டிருக்கிறாள். யாரையும் எழுப்பவில்லை. காலையில் சார்ட்டில் ஒரே ஒரு வரி. இப்படி இன்னும் நாலு பேரைப் பழக்க வேண்டும், பழகியவர்களை வேறு வார்டுக்குத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். முதலாவதற்குப் பணம் போதும். இரண்டாவதற்கு மேலதிகாரிகளோடு நான் மல்லுக்கட்டிக்கொள்கிறேன்.

அதனால் பணத்தைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதி சாமான்களுக்கு, ஒரேயடியாக வாங்காமல் வருஷா வருஷம். மறுபாதி பயிற்சிக்கு. பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், எந்த மெஷினுக்கு எந்தக் குழாய் என்பதையும் எழுதியிருக்கிறேன். சுகந்திக்கு ரிப்பன் வெட்டியே தீர வேண்டுமென்றால் முதல் டப்பாவைச் சுற்றி நானே கட்டித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடும்போது இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. ரிப்பன் வருகிற இடங்களை மட்டும் விட்டுவிடு. ராஜாத்தி கணக்குக் கேட்பாள், பட்டியலின் பின்பக்கம் இருக்கிறது.

உன்,
வசந்தா