செத்த பன்றியும் பரப்பும்: மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

கோட்பஸ், ஜெர்மனி,
நவம்பர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்த செய்தியை அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்தக் குட்டிக்கா கல்யாணம்?" என்று வாயைப் பிளந்தாள். கூடலூருக்கே உனக்கு மாற்றல் கிடைத்ததும் நல்லதுதான். மழை, அட்டை, யானை எல்லாம் இருக்கட்டும், கோப்பு பார்ப்பதை விட மாடு பார்ப்பதுதான் உனக்குச் சரிப்படும். இங்கே எல்லாரும் சுகம். அவருக்குத்தான் முட்டி வலி விட்டபாடில்லை. குளிர் வந்துவிட்டால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடியில் பண்ணைப் பன்றிகளைக் கொன்று புதைத்தது, அடுத்த ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தது எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "எந்த வைரஸும் போகப் போகச் சாதுவாகிவிடும் என்று வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தோமே, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எப்போது சாதுவாகும்?" என்று கேட்டிருந்தாய். அதை நம்பிக் காத்திருக்காதே என்பதுதான் என் பதில்.

அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரேலிய முயல்கள். 1950-இல் முயல்களை ஒழிக்க மிக்ஸோமா வைரஸை அவிழ்த்துவிட்டார்கள். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல் செத்தது. சில ஆண்டுகளில் அவ்வளவு கடுமையில்லாத வகைகள் மேலோங்கின. அங்கே வைரஸைச் சுமந்து போனது கொசு. கொசு செத்த முயலைக் கடிக்காது. நோயோடு பல நாள் உயிரோடு கிடக்கும் முயலால்தான் அந்த வைரஸுக்கு லாபம். அதனால் மெதுவாகக் கொல்லும் வகை ஜெயித்தது.

நம் பன்றி வைரஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இது உயிரோடு இருக்கும் பன்றியிலிருந்தும் பரவும், செத்துக் கிடக்கும் பன்றியிலிருந்தும் பரவும். குளிர்காலப் பைன் காட்டில் ஒரு சடலத்தில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். இங்கே நாய்களோடு தேடிப் போகும் குழு சில சமயம் ரோமமும் எலும்பும் மட்டும்தான் கொண்டுவரும். ஈரலும் மண்ணீரலும் புழுத்துப் போயிருக்கும். தொடையெலும்பை உடைத்து மஜ்ஜையைத் தோண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அதிலும் பாசிட்டிவ் வரும். வேறு காட்டுப்பன்றிகள் அந்த இடத்துக்கு வந்து மோந்து, கிளறிப் பார்த்துவிட்டுப் போகும். ஆக, பன்றியைக் கொல்வதால் இந்த வைரஸுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

சாதுவாக அது இருக்கும் இடம் ஒன்று உண்டுதான். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றிக்கும், அதன் வளையில் வாழும் மென்னுண்ணிக்கும் நடுவில் காலங்காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வார்ட்ஹாக்குக்குக் காய்ச்சல்கூடக் கிடையாது. வெள்ளைக்காரர்கள் கென்யாவுக்குக் கொண்டுபோன வீட்டுப்பன்றிகள்தான் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1921-இல் மாண்ட்கோமரி அதை எழுதி வைத்தார். அந்தச் சமாதானம் அந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகளோடுதான், நம் வீட்டுப்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் செல்லாது.

மிதமான வகைகள் தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014-இல் எஸ்டோனியாவின் வடகிழக்கில் ஒன்று கிடைத்தது. மரபணுத்தொகுதியின் ஒரு முனையில் சுமார் 14,500 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருந்தன. சோதனையில் அதைக் கொடுத்த பன்றிகளில் பல பிழைத்தன. 2017-இல் லாத்வியாவில் வேட்டையில் சுட்ட ஒரு காட்டுப்பன்றியில் இன்னொன்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். இங்கே ரீம்ஸ் தீவிலுள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்கு ஒரு பயிற்சிக்குப் போனபோது நுண்ணோக்கியில் காட்டினார்கள். வைரஸ் புகுந்த மேக்ரோஃபேஜ், அதாவது கிருமியை விழுங்கும் அணு, நடுவில் இருக்க, பன்றியின் சிவப்பணுக்கள் அதைச் சுற்றி நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், சாமந்திப் பூ மாதிரி. அந்த ஒட்டலுக்குக் காரணம் ஈபி402ஆர் என்ற மரபணு தரும் புரதம். லாத்வியா வைரஸில் அந்த மரபணு பழுதாகியிருந்தது. பூ பூக்கவில்லை, பன்றியும் சாகவில்லை. அதையே இரையில் வைத்துக் காட்டுப்பன்றிகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்தாகக் கொடுக்கலாமா என்று ஸ்பெயினில் சோதித்தார்கள், பலன் நன்றாகவே இருந்தது. காட்டில் கொண்டுபோய்ப் போடத்தான் எனக்குத் தைரியம் வராது. 1960-களில் போர்ச்சுகலும் ஸ்பெயினும் வீரியம் குறைத்த வைரஸை ஊசியாகப் போட்டுவிட்டு, நாள்பட்ட நோயோடு இழுத்துக்கொண்டு கிடந்த பன்றிகளோடு மல்லுக்கட்டிய கதை நாம் படித்ததுதானே.

எஸ்டோனியாவிலும் லாத்வியாவிலும் அந்தச் சாது வகைகள் காட்டைப் பிடிக்கவில்லை. இன்றும் அங்கே சுற்றுவது கொல்லும் வகைதான். 2007-இல் ஜார்ஜியா நாட்டில் போட்டி என்ற துறைமுகத்தில் கரையேறிய அதே இரண்டாம் ஜீனோடைப்பின் (மரபணு வகையின்) வாரிசுகள். கப்பலில் மிஞ்சிய சாப்பாட்டைப் பன்றிகள் தின்றதால் வந்திருக்கலாம் என்பது பலருடைய ஊகம். அதுவே 2018-இல் சீனா, 2020-இல் நம் அருணாசலப் பிரதேசம், அசாம் என்று போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு தூரம் போயும் அது பெரிதாக மாறவில்லை. டிஎன்ஏ வைரஸ், சுமார் 1,90,000 எழுத்து, மாற்றம் நிதானமாகத்தான் நடக்கும். ஒரே மரபணுவைப் படித்தால் போலந்தும் அசாமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் 2020 செப்டம்பரில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஸ்ப்ரே-நைசெ மாவட்டத்தில் முதல் காட்டுப்பன்றி கிடைத்தபின் முழுத் தொகுதியையும் படிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஓர் ஆச்சரியம். ஜெர்மனிக்குள் வந்த வைரஸில் ஐந்து கிளைகள், பத்து வேறு வகைகள். அவற்றில் பொதுவாக ஒரு மாற்றம் இருந்தது: டிஎன்ஏவில் பழுது பார்க்கும் நொதியைத் தரும் ஓ174எல் மரபணுவிலேயே கோளாறு. பழுது பார்ப்பவனே தடுமாறுவதால்தான் இந்தக் கிளை மற்றவற்றைவிட வேகமாக மாறுகிறது என்று ரீம்ஸ்காரர்கள் சந்தேகிக்கிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு வகையும் ஏறக்குறைய தன் வட்டாரத்திலேயே சுற்றுவதால், சடலம் கிடைத்தால் அது எந்தப் பக்கத்துத் தொற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் பத்து வகையிலும் சாதுவான ஒன்று தலைதூக்கியதாகத் தெரியவில்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது சீனாவில் நடந்ததுதான். 2021-இல் ஹெனானிலும் ஷாண்டாங்கிலும் முதலாம் ஜீனோடைப் கிடைத்தது. 1968-லும் 1988-லும் போர்ச்சுகலில் பிரித்தெடுத்த பழைய வைரஸ்களோடு அச்சு அசலாக ஒத்திருந்தது. இத்தனை வருடம் பன்றிக்குப் பன்றி சுற்றிய ஒன்று அப்படி மாறாமல் இருக்குமா? நீயே யோசி. அது சாதுதான்: பன்றிக்குத் தோலில் புண், மூட்டு வீக்கம், ஆனால் சாவு குறைவு. அந்தச் சாதுவும் ஏற்கெனவே அங்கிருந்த கொலைகாரனும் ஒரே பன்றிக்குள் சந்தித்திருக்க வேண்டும். இரண்டும் துண்டு துண்டாகக் கலந்த வைரஸை 2023-இல் அறிவித்தார்கள். அது கொல்கிறது. இரண்டாம் ஜீனோடைப்பை வைத்துச் செய்த தடுப்பூசி, சோதனையில் அதனிடமிருந்து பன்றியைக் காப்பாற்றவில்லை. இதில் வேடிக்கை, நாம் வழக்கமாக வகை பிரிக்கப் பார்க்கும் பி72 மரபணு அதில் முதலாம் ஜீனோடைப்புடையது. அதை மட்டும் பார்த்தால் "பழைய சாது" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவோம். பிறகு அது வட வியட்நாமிலும் தென்பட்டது.

அதனால், உங்கள் பக்கத்தில் பன்றி சாகாமல் மெலிந்து, மூட்டு வீங்கி, அவ்வப்போது காய்ச்சலோடு நின்றால், "பரவாயில்லை, குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னாலும் நீ மாதிரி எடுத்து அனுப்பு. முழுத் தொகுதியையும் படிக்க முடியுமா என்றும் கேள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் ஊர்ப் பன்றிக்காரர்கள் ஹோட்டல் மிச்சத்தை வேகவைத்துத்தான் போடுகிறார்களா, அப்படியே கொட்டுகிறார்களா? நேரம் கிடைக்கும்போது ஒரு நடை பார்த்து எழுது. வைரஸ் எவ்வளவு மாறினாலும் அது தூரதேசம் போவது மனுஷன் கையில்தான்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். தேதி முடிவானதும் சொல், டிக்கெட் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து என்ன வேண்டும் என்று பெரியவளிடம் கேட்டு எழுது. சாசேஜ் மட்டும் கேட்கக் கூடாது, கொண்டு வர மாட்டேன்.

அன்புடன்,
சாந்தி