வடசென்னையின் வீட்டுப் பட்டறைகளுக்கு ஐ.டி.ஐ. கூடங்களைத் திறந்துவிடுங்கள்

தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை உயர் அலுவலர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம்.

வடசென்னை வட்டாரத்தில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் (ஐ.டி.ஐ.) வெல்டிங் கூடங்களை, அன்றாடப் பயிற்சி முடிந்த பிறகு, வாரத்தில் சில மாலைகளாவது வீட்டுப் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். மானியமோ புதிய கட்டடமோ கேட்கவில்லை. நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தச் சோதனைக்கு ஒரு கைப்பம்பு, வெல்டிங் ராடு காயவைக்கும் அடுப்பு, புகையை இழுத்து வெளியேற்றும் குழாய், அருகில் நின்று பார்க்க ஒரு பயிற்றுநர் ஆகியவை போதும். இவற்றில் ஒன்றுகூட எங்கள் வீடுகளில் இல்லை.

திருவொற்றியூரில் புல்லட்டும் எண்ணூரில் லேலண்டு லாரியும் உருவான வட்டாரம் இது. அந்தத் தொழிற்சாலைகளிலும் அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளிலும் கை பழகியவர்களும், அவர்களிடம் தொழில் கற்றவர்களும் இன்று வீட்டின் முன்னறையிலும் மொட்டை மாடியிலும் வேலை செய்கிறார்கள். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷின் போய், தோளில் மாட்டிக்கொண்டு படியேறக்கூடிய இன்வெர்ட்டர் மெஷின் வந்துவிட்டதும், பட்டறைக்கு இடம் பிடிக்க முன்பணம் கொடுக்க முடியாததும் இதற்குக் காரணங்கள். பழைய பம்புசெட், ஜெனரேட்டர், மாவு மில் இன்ஜின் ஆகியவற்றின் பிராக்கெட்டும் பைப்பும் கடையில் கிடைக்காதபோது இவர்களைத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் இவர்களுக்கு வரும் வேலையிலேயே கடினமானது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வருவது.

விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது சாலை வண்டிக்கென்று பிறந்த டீசல் இன்ஜின்தான். அதைப் படகில் இறக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாயை, மாற்றியே ஆக வேண்டும். லாரியில் அது காற்றில் ஆறிவிடும்; டீசல் டேங்கும் மரப்பலகையும் மனிதர்களும் நெருங்கிக் கிடக்கும் படகின் அடித்தளத்தில் அப்படி ஒரு கொதிக்கும் இரும்பை வெறுமனே விட முடியாது. எனவே மேனிஃபோல்டுக்கு வெளியே இன்னொரு சுவர் கட்டி, இரண்டுக்கும் நடுவே தண்ணீரை ஓடவிடுகிறார்கள். இன்ஜின் அறை படகுக்குப் படகு வேறுபடுவதால் அளவு எடுத்துச் செய்வதுதான் வழி. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது இந்த வேலை மொத்தமாக வந்து குவிகிறது.

உட்சுவரின் ஒரு பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் புகை, மறுபக்கம் தண்ணீர். இடையில் நிற்பது ஒரு வெல்டிங் வரிசை. அதில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாமல் போகலாம். நிறுத்திய பிறகு, தண்ணீர் அந்தத் துளை வழியே கசிந்து, திறந்து நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் இறங்குகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது மேலே வரும் பிஸ்டனுக்குக் காற்றை அழுத்தும் வேலைக்குப் பதில் தண்ணீரை அழுத்தும் வேலை வந்துவிடுகிறது. தண்ணீர் அழுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது கரையில் நடந்தால் செலவோடு போகும். நடுக்கடலில் நடந்தால் இன்ஜின் இல்லாத படகில் ஆட்கள் மிதக்க வேண்டியிருக்கும்.

அந்தத் துளையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. வாய்களை எல்லாம் தகடு வைத்து அடைத்து, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும்படி தண்ணீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்குக் கைப்பம்பால் ஏற்றி, கேஜில் முள் இறங்குகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தால் போதும். அந்தப் பம்பு இல்லாத வீட்டில், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டி, சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார்கள். அழுத்தத்தில் உள்ள தண்ணீர் ஒரு சொட்டுக் கசிந்தால் முள் இறங்கிவிடும்; அழுத்தத்தில் உள்ள காற்றோ வெல்டிங் தையல் பிரிந்தால் தகட்டையே முகத்தில் எறியும். நான் கேட்கும் பொருள்களில் விலை குறைந்த அந்தப் பம்பைத்தான் முதலில் கேட்கிறேன்.

அடுத்தது பிளேஞ்ச், அதாவது மேனிஃபோல்டை இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்பு. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தகட்டை இழுக்கும். ஆகவே பிளேஞ்சைத் தடித்த இரும்புப் பலகையிலோ பழைய சிலிண்டர் ஹெட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி, முதலில் டாக் (ஆங்காங்கே சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்து, பிறகு இடம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஓட்டி, முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அதன் பின்னும் பிளேஞ்சின் முகத்தை இரும்பு சீவும் மெஷினில் ஒரு சீவு சீவினால்தான் தளம் சரியாகும். அந்த மெஷின் இல்லாதவர்கள் இடைவெளியை அடைக்கத் தடித்த பேக்கிங் வைத்து இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். சில மாதங்களில் பேக்கிங் எரிந்து, புகை இன்ஜின் அறைக்குள்ளேயே வருகிறது.

வெல்டிங் ராடு பற்றியும் சொல்ல வேண்டும். செம்புதாஸ் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் நல்ல ராடே கிடைக்கிறது. அதை வைத்திருக்கும் இடம்தான் தவறு. பலம் வேண்டிய இடத்தில் போடும் 7018 ராடின் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொண்டு, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசல் விடச் செய்யும். கடற்காற்று வீசும் எங்கள் தெருக்களில் பாக்கெட் பிரித்த ராடு நாள்கணக்கில் கிடக்கிறது. அதை வெயிலில் காயவைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்தால்தான் அந்த ஈரம் போகும். சென்னை வெயில் எவ்வளவு கொடியதானாலும் அந்தச் சூட்டை எட்டாது.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) மோகம் ஒன்றும் இப்போது பரவுகிறது. பளபளப்பைப் பார்த்து 304 ரகத் தகட்டில் செய்து தரச் சொல்கிறார்கள். சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடான உப்புத் தண்ணீரில் அந்தத் தகடு, இழுவிசை தங்கியிருக்கும் வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடக்கூடியது. 316 ரகத்துக்கும் அந்த ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. கடல்நீரை நேராக ஓடவிடும் மேனிஃபோல்டுக்கு எந்த உலோகம், நன்னீர் சுற்றும் மேனிஃபோல்டுக்கு எந்த உலோகம் என்று விளக்கிச் சொல்ல உங்கள் பயிற்றுநரால் ஒரே மாலையில் முடியும்.

வெல்டிங் புகையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. எங்கள் தெருக்களில் அந்தப் புகை பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கும் போகிறது.

நீங்கள் தயங்கக்கூடிய இடம் எனக்குத் தெரியும். சத்தம் போடும் சைலன்சர் செய்யவும் கூடம் பயன்படும் என்பீர்கள். அதற்கு நானும் உடன்படமாட்டேன். பைக்கின் இயல்பை மாற்றுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. நள்ளிரவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சைலன்சர்களைப் பற்றிச் சட்டம் வந்து சொல்ல வேண்டியதுமில்லை. சாலை வண்டி வேலை வேண்டாம் என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். ஸ்டியரிங், பிரேக், டீசல் டேங்க் ஆகியவற்றையும் அதே பலகையில் சேர்த்துவிடுங்கள். அவை ஒருவரும் வீட்டில் வெல்டிங் செய்யக்கூடாதவை.

வீட்டு வேலையைத் தடுத்துவிடலாமே என்பாரும் உண்டு. வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த அச்சத்தால் வேலை நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது, காற்றோட்டம்தான் குறைந்துபோகிறது.

71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 (கணினிவழித் தானியங்கி உற்பத்தி) நிலையங்களாக மாற்ற சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டிய துறை நீங்கள். அந்த முயற்சியை நான் குறை சொல்லவில்லை. ஓராண்டு வெல்டர் படிப்பில் சேரும் வயதையும் வசதியையும் கடந்துவிட்டவர்களும் இதே ஊரில் இதே தொழிலைச் செய்கிறார்கள் என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். முதலில் ஒரே ஒரு நிலையத்தில், ஒரு தடைக்காலத்துக்கு மட்டும் நடத்திப் பாருங்கள். வருபவரின் பெயரையும், கொண்டுவந்த பாகத்தையும், சோதனையில் முள் நின்ற அளவையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள்; தேறிய பாகத்தில் எண் பொறித்துக் கொடுங்கள். படகு உரிமையாளர்கள் அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கினால் பட்டறைக்காரர்கள் தாமாகவே வருவார்கள்.

ஏப்ரல் 15-க்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும் என்றால் பிப்ரவரி இறுதிக்குள் சுற்றறிக்கை போக வேண்டும். காசிமேட்டுப் படகு உரிமையாளர் சங்கங்களுக்கும் அதன் நகல் ஒன்றை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வெல்டர் ஒருவர்