வார்டுக்கு வெளியே நின்று உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

காவிரி டெல்டா மக்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குச் செவிலியர்கள் நாங்கள் என்னதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாலும், பயத்தில் இருப்பவர் காதில் பாதிதான் ஏறும். மீதியை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, தாங்களும் இதே நோய்க்குச் சிகிச்சை முடித்துவிட்டு வார்டுக்கு வந்து பேசும் அக்காக்களுக்கு. "இது தொத்துமா? தட்டு தம்ளரைத் தனியா வைக்கணுமா?" எங்களிடம் கேட்கத் தயங்குவதை உங்களிடம் கேட்டுவிடுகிறார்கள். தொத்தாது என்று நாங்கள் சொல்வதைவிட, அதே தட்டில் நீங்கள் சாப்பிட்டுக் காட்டியது நன்றாக எடுபட்டது. மனப்பாரத்தை 0 முதல் 10 வரை கேட்கும் அட்டையை நாங்கள் நீட்டினால், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பதில் 1. தனியே உட்கார்ந்து நீங்கள் கேட்டால் 7. நாலு வந்தாலே ஆலோசகரிடம் அனுப்பவேண்டும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. "தைரியமா இரு" என்று தொடங்காமல், "எதை நெனச்சா ரொம்பப் பயமா இருக்கு?" என்று தொடங்கினீர்களே, அது எங்களுக்கும் பாடம்.

கிராம சுகாதார செவிலியர்களே, காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பியவர்களை நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். வடிந்த நீரைத் தினம் ஒரே நேரத்தில் அளந்து எழுதவைத்தது, குழாய் நுனியில் உள்ள டப்பாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடி போடச் சொன்னது எல்லாம் முக்கியம். அமுக்காமல் மூடினால் உறிஞ்சுதல் இருக்காது. நீர் உள்ளேயே தேங்கி வீங்கும். அந்த அளவுக் குறிப்பை வைத்துத்தான் குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்கிறார். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் என்றதும் நடுராத்திரியில் வண்டி எடுத்த ஓட்டுநர்களுக்குத் தனி நன்றி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கீமோவுக்குப் பிறகு இரண்டாவது வாரத்தையொட்டி வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் சின்னத் தொற்றும் உயிருக்கு ஆபத்து. பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைத்தால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது.

கீமோ தொடங்குமுன்னே வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலான கீமோ மருந்துகளில் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும் என்பதால் அதுவும் நல்ல ஏற்பாடுதான், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவர்களுக்குக் கத்தி படாமல் மெஷினில் ஒட்ட வெட்டிவிட்ட முடிதிருத்துநர்களுக்கு நன்றி. தலையில் விழும் கீறல் பிறகு தொற்றுக்கு வழியாகும்.

தையல் அக்காக்களே, ரவிக்கையின் உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் பை வைத்து, செயற்கை மார்பகம் நழுவாமல் தைத்தீர்கள். காயம் ஆறும்வரை பஞ்சு அடைத்த லேசானது போதும். ஆறியபின் கொஞ்சம் கனம் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ரவிக்கை மேலே ஏறிக்கொள்ளும். கைக்குழியை ஒரு அங்குலம் தளர்த்தியது உங்கள் யோசனை. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியாக, நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அம்மாக்களுக்கு. அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) அறுவையில் எடுத்தவர்களைக் குறுவை நடவுச் சேற்றில் இறக்காமல் களத்து மேட்டு வேலைக்கு மாற்றினீர்கள். அந்தக் கையில் வெட்டுப்பட்டுச் சீழ் பிடித்தால் நிணநீர் தேங்கிக் கை வீங்கும் நிணநீர் வீக்கம் வரலாம், வந்தால் முழுக்க வடிவது கடினம். ஆனால் பயந்து கையை முடக்கிப் போட்டாலும் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களை மேலே ஏற்றும் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள், கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வயலில் இறங்கியே ஆகவேண்டும் என்றால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கை சிவந்து சுட்டால் அன்றைக்கே எங்களிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மார்பக நோய்ப் பிரிவுச் செவிலியர்கள்,
தஞ்சாவூர்