ஆளைக் கூட்டினால் வேலை முடிந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலமோ வடிகாலோ, வேலை இழுத்துக்கொண்டே போனால் 'கூடுதல் ஆட்களை இறக்குகிறோம்' என்பார்கள். சரி, இறக்கட்டும். ஆனால் எந்த வேலை முதலில் என்ற முன்னுரிமைப் பட்டியலை மாற்றாமல் ஆளையோ இயந்திரத்தையோ மட்டும் கூட்டினால் மொத்த நாள் குறையாமல் அதிகமாகவும் கூடும் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கணித அறிஞர் ரொனால்டு கிரஹாம் 1966-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்; சின்ன வேலைகள் முந்திக்கொள்ள, நீளமான வேலை பின்னுக்குப் போய்விடும், அவ்வளவுதான் விஷயம். நம்புவது கஷ்டம், ஆனால் நிஜம்.

எந்த வேலைகள் தாமதமானால் மொத்தத் திட்டமே தாமதமாகும் என்று கணக்கிடும், 1950-களின் கடைசியில் வந்த 'கிரிட்டிக்கல் பாத்' முறையைத்தான் இன்றும் பல ஒப்பந்ததாரர்கள் அட்டவணையில் காட்டுகிறார்கள். அதன் அடிப்படைக் கணக்கில் ஆளுக்கும் கிரேனுக்கும் தட்டுப்பாடே கிடையாது! ஒரே கிரேனுக்கு இரண்டு இடத்தில் வேலை என்றால் அந்தத் தேதிகள் வெறும் காகிதம். தட்டுப்பாட்டையும் சேர்த்து மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பது கணினிக்கே திணறல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை; தள்ளிப்போட அவகாசம் குறைவான வேலைக்கு முதலில் கிரேன் என்ற எளிய விதியே ஓரளவு நல்ல அட்டவணையைத் தந்துவிடும்.

டெண்டர் கேட்கும்போதே எந்த வாரம் எத்தனை ஆள், எந்த இயந்திரம் எந்த இடத்தில் என்ற அட்டவணையையும் கேட்டு வாங்கி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லுங்கள்.

– ஒரு கட்டுமானப் பொறியாளர், திருச்சி